பெரிய வீடு, 11,610 ரூபாய் கரண்ட் பில்: மீட்டர் தப்பா, வீடு தப்பா?

தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டது, 2023 மே 14, காலை

வீட்டில் இருப்பது நாலே பேர். வாப்பா, உம்மா, நான், தங்கச்சி. வீடு மட்டும் பெரிசு. கீழே மூணு ரூம், மேலே மூணு ரூம், நடுவில் முற்றம். மார்ச், ஏப்ரல் ரெண்டு மாசத்துக்கு 1,460 யூனிட், 11,610 ரூபாய் பில் வந்திருக்கிறது. நாலு பேர் எப்படி 1,460 யூனிட் எரிக்க முடியும்? மீட்டர் தப்பாக ஓடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. வாப்பா சோலார் போட்டுவிடலாம் என்கிறார்கள். பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒருவர் சொன்ன பதில் (இனி வருவதெல்லாம் இவர் எழுதியது), 2023 மே 14, இரவு

மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நானும் மீட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நான் கீழக்கரை. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண் பிள்ளைக்கு, மாப்பிள்ளை அங்கே போய்ச் சேருவான். அதனால் நான் இருப்பது மாமியார் வீடு. பில் கட்டுவது நான், சுவிட்ச் எதுவும் என் கையில் இல்லை. ஏழு அறை, ஐந்து ஏசி, நிரந்தரமாக இருப்பது ஐந்து பேர். உங்கள் கதைதான்.

முதலில் உங்கள் பில்லைப் பிரித்துப் பாருங்கள். 2022 செப்டம்பர் 10க்கு முன்னால் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் எவ்வளவு ஓடினாலும் யூனிட்டுக்கு 6.60தான். இப்போது படிக்கட்டு. 100 வரை இலவசம், 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11. இதன்படி உங்கள் முதல் 1,000 யூனிட்டுக்கு 6,550 ரூபாய். மிச்சம் 460 யூனிட்டுக்கு மட்டும் 5,060. அதாவது பில்லில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பணம் அந்தக் கடைசி 460 யூனிட்டில் இருக்கிறது. அது எந்த அறையில் எரிகிறது என்று கண்டுபிடித்தால் போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

சின்ன வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை 2.25தான். 501 ஆனால் அந்தச் சலுகை போய்விடும். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். நமக்கெல்லாம் அந்தக் கவலை இல்லை, நாம் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டோம்.

2023 மே 15

சோலாரைப் பற்றி அப்புறம். முதலில் செலவில்லாத ஒரு வேலை. மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் 1600 அல்லது 3200 என்று ஏதாவது ஒரு எண் போட்டிருக்கும். அத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட். எங்கள் மீட்டரில் 1600.

வீட்டில் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று நான் மட்டும் வயிற்று வலி என்று தங்கிவிட்டேன் (பொய்தான்). எல்லா ஏசி, ஃபேன், லைட்டையும் அணைத்தேன். ஃப்ரிட்ஜ் மாதிரி எப்போதும் ஓடுகிறவற்றைத் தொடவில்லை. மீட்டர்ப் பெட்டி முன்னால் போய் நின்றால் விளக்கு நிற்கவே இல்லை. நிமிஷத்துக்கு 8 தடவை. கணக்குப் போடுங்கள்: மணிக்கு 480 தடவை, அதாவது 0.3 யூனிட். நாளைக்கு 7.2. இரண்டு மாசத்துக்கு 432 யூனிட். ஆளே இல்லாத, விளக்கே எரியாத வீடு சும்மா இருப்பதற்கு 432 யூனிட் தின்கிறது. 11 ரூபாய்க் கணக்கில் 4,752.

உங்கள் 460க்கும் என் 432க்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

2023 மே 16

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம் எண்ணினால் போதாது. ஃப்ரிட்ஜ் தொடர்ந்து ஓடாது, கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும். அது ஓடும் நிமிஷத்தில் எண்ணினால் கூடும், நிற்கும் நிமிஷத்தில் எண்ணினால் குறையும். மீட்டர் திரையில் வரும் ரீடிங்கைப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணோடு குறித்து வைத்து நாலைந்து மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் சரி. அன்று அதையும் செய்தேன். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லாரும் வருவதற்குள் ஐந்து மணி நேரம், 1.4 யூனிட். மணிக்கு 0.28. ஆக 432 இல்லை, 403. பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும் கணக்கு கணக்குதான்.

2023 மே 21

"அப்படி என்னதான் ஓடியது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசையாகச் சொல்ல முடியாது, நான் கண்டுபிடித்ததே வரிசையாக இல்லை.

முதல் ஆள் மாடி ஃப்ரிட்ஜ். மச்சான் துபாய்க்குப் போவதற்கு முன்னால் மாடியில் தனியாகச் சமையலறை வைத்துக் குடித்தனம் நடத்தினார். அவர் குடும்பத்தோடு போய் ஐந்து வருஷம் ஆகிறது, ஃப்ரிட்ஜ் மட்டும் இன்னும் மாடியில் குடியிருக்கிறது. கதவு ரப்பர் வெடித்து, ஒரு பக்கம் ஐஸ் கட்டி, மூடினாலும் ஒரு விரற்கடை இடைவெளி. உள்ளே திறந்து பார்த்தேன். இரண்டு பாட்டில் தண்ணீர், அரைப் பாக்கெட் பேரீச்சம்பழம், ஒரு டப்பா அரைத்த மருதாணி. மருதாணி எந்தப் பெருநாளைக்கு அரைத்தது என்று யாருக்கும் நினைவில்லை.

பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி மூன்று நாள் போட்டேன். நாளைக்கு 1.6 யூனிட். இரண்டு மாசத்துக்கு 96. ஒரு டப்பா மருதாணியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க ஆயிரம் ரூபாய் கட்டியிருக்கிறோம்.

மாமியிடம் சொன்னேன். "அது அவன் வந்தா வேணுமே" என்றார்கள். வரும்போது போட்டுக்கொள்ளலாம் மாமி என்றேன். பதில் இல்லை. மறுநாள் பார்த்தால் பிளக் பிடுங்கியிருந்தது, கதவு திறந்து ஒரு துணி மடித்து வைத்திருந்தது. எங்கள் வீட்டில் ஒப்புதல் இப்படித்தான் வரும்.

2023 மே 28

ஏசி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். புதுசாக எதுவும் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை உள்ள ஏசியெல்லாம் போட்டதும் 24இல்தான் எழுந்திருக்கும்படி செய்திருக்கிறார்கள். நம் ஆட்கள் எழுந்த உடனே அதை 18க்குத் தள்ளிவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிறார்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது மின்சிக்கனத்துக்கான மத்திய அமைப்பே சொல்லும் கணக்கு. நம் கடற்கரையில் சூட்டை விடப் புழுக்கம்தான் பிரச்சினை. 27இல் வைத்து ஃபேனை ஒன்றில் ஓடவிட்டால் எனக்குப் போதும். என் வீட்டில் போதாது. 25இல் உடன்பாடு ஆகியிருக்கிறது, அதற்குக் கீழே பேச்சுவார்த்தை கிடையாது என்று நான் சொன்னேன், மேலே கிடையாது என்று அவர்கள் சொன்னார்கள்.

2023 ஜூன் 11

இது கொஞ்சம் பெரிசாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போதே கை நடுங்குகிறது.

மாடி ஃப்ரிட்ஜை நிறுத்திய பிறகும் ஆளில்லாத நேரக் கணக்கு நான் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. கீழே ஃப்ரிட்ஜ், வைஃபை, கேமராப் பெட்டி, இன்வெர்ட்டர், டிவி பெட்டிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்தேன். எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. விளக்கு இன்னும் மின்னுகிறது. நிமிஷத்துக்கு இரண்டு தடவைக்குக் கொஞ்சம் கீழே. சாவகாசமாக, நிதானமாக, யாரோ உட்கார்ந்து வெற்றிலை போடுவது மாதிரி.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வயராக மாட்டிக்கொண்டே வந்தார். கொல்லைக் கிணற்று மோட்டார் வயரில் மாட்டியதும் 0.3 ஆம்பியர் காட்டுகிறது. மோட்டார் ஓடவில்லை. சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது. அவர் சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பழைய ஆள் யாரோ சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார். அதாவது அணைத்தால் மோட்டார் நிற்கும், ஆனால் ஃபேஸ் வயர் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். அந்த வயர் போவது உப்புத் தண்ணீர்க் கிணற்றுக்குள். மேலுறை உரிந்து உரிந்து, மின்சாரம் சத்தமில்லாமல் கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மண்ணுக்குப் போனாலும் மீட்டரைத் தாண்டித்தானே போக வேண்டும், அதனால் பில்லிலும் ஏறியிருக்கிறது. 0.3 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 69 வாட், இரண்டு மாசத்துக்கு 99 யூனிட்.

பணம் கிடக்கட்டும். ஆறேழு மாசமாக மாமி சொல்லிக்கொண்டிருந்தார்கள், "கிணத்துத் தண்ணி மொண்டா கையில சுருக்குங்குது" என்று. நாங்கள் வயசாகிவிட்டது, நரம்பு என்று சிரித்தோம். டாக்டரிடம் சத்து மாத்திரை கூட வாங்கிக் கொடுத்தோம்.

சரி, கசிவு வந்தால் டிரிப் ஆக வேண்டிய ஈஎல்சிபி என்ன ஆயிற்று? பெட்டியில் இருக்கிறது. மழைக்காலத்தில் அடிக்கடி விழுந்து தொந்தரவு செய்கிறது என்று அதே பழைய ஆள் அதைத் தாண்டி நேர் வயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது விழுந்தது தொந்தரவு இல்லை, அது சொல்லிப் பார்த்திருக்கிறது. இப்போது 30 மில்லி ஆம்பியரில் புதுசு போட்டு, கிணற்று வயரை மாற்றி, இரண்டு வயரையும் துண்டிக்கிற சுவிட்ச் வைத்தாயிற்று. பழைய வீடு வைத்திருக்கிறவர்கள், கடலோரமோ இல்லையோ, அந்தப் பெட்டியில் உள்ள சோதனைப் பட்டனை இன்றைக்கே அமுக்கிப் பாருங்கள். அமுக்கினால் விழ வேண்டும். விழாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

2023 ஜூலை 2

மே, ஜூன் பில் வந்துவிட்டது! 1,190 யூனிட், 8,640 ரூபாய். போன தடவை 1,520 யூனிட், 12,270. ஒரே தடவையில் 3,630 ரூபாய் இறக்கிவிட்டேன். மாமியிடம் பில்லைக் காட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ், மீதிக் காச என்ன செய்யப் போறீய மாப்ள" என்றார்கள். அதற்கு நான் தயாராக இல்லை.

2023 ஜூலை 3

நேற்றைய பெருமையை வாபஸ் வாங்குகிறேன். தொண்டிக்காரர் சரியாகப் பிடித்தார். மார்ச், ஏப்ரலில் நோன்பு இருந்தது. மார்ச் 24 முதல் ஏப்ரல் 22 பெருநாள் வரை வீடு முழுக்க ஆள். ஸஹருக்கு எழுந்து ராத்திரி முழுக்க விளக்கு, எல்லா ஏசியும், நோன்புக் கஞ்சியைச் சூட்டோடு ஃப்ரிட்ஜில் தூக்கி வைப்பது, எல்லாம் சேர்ந்துதான் 1,520. அதோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவது கல்யாணத்துக்கு மறுநாள் அரிசிச் செலவு குறைந்துவிட்டது என்று சொல்வது மாதிரி.

ஒப்பிட வேண்டியது போன வருஷம் இதே மே, ஜூனோடு. பழைய அட்டையைத் தேடி எடுத்தேன், 1,340. ஆக உண்மையில் குறைந்தது 150 யூனிட், இன்றைய விலையில் 1,650 ரூபாய். அதிலும் கிணற்று வயர் ஜூனில்தான் மாற்றினோம், அதன் முழுப் பலன் இன்னும் வரவில்லை. இருந்தாலும் 3,630 என்று சொன்னவன் 1,650 என்று சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.

2023 ஆகஸ்ட் 6

ஆடிக் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற அடியில் மாடியில் துணி காயப்போட முடியவில்லை. கச்சான் என்றதும் ஞாபகம் வருகிறது, ஏசி அவுட்டோர் பெட்டிகளைப் பற்றி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தெற்குப் பக்கம் கடல், மன்னார் வளைகுடா. இரண்டு அவுட்டோர் அந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது. உப்புக் காற்று நேரே முகத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெக்கானிக் "மாசம் ஒரு தடவ தண்ணி அடிச்சு கழுவுங்க" என்றார். நல்ல யோசனைதான். நானும் விடாமல் கழுவினேன். எந்தத் தண்ணீரில்? குழாயைத் திருப்பினால் வருகிற போர் தண்ணீரில். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர். போன வாரம் மூடியைக் கழற்றினால் தகடுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, விரலை வைத்ததும் அப்பளம் மாதிரி உதிர்கிறது. தகடு உதிர்ந்தால் சூடு வெளியே போகாது, கம்ப்ரஸர் விடாமல் ஓடும். 1.6 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்தது 1.9 இழுக்கிறது, அறையும் குளிரவில்லை.

அந்த ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். தகட்டில் பூச்சு உள்ளதாகப் பார்த்து, அவுட்டோரை வடக்குச் சுவருக்கு மாற்றினோம். இனி லாரித் தண்ணீர் ஒரு வாளி, அவ்வளவுதான்.

தொண்டிக்காரரே, நீங்கள் வடக்குக்கு மாற்றாதீர்கள். உங்களுக்குக் கடல் கிழக்கே, பாக் விரிகுடா. உங்களை அடிப்பது வாடை. எங்களுக்கு ஆடியில் வரும் வினை உங்களுக்கு மார்கழியில் வரும்.

2023 நவம்பர் 5

தொண்டிக்காரரின் கணக்கு வந்திருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் 780 யூனிட், 4,370 ரூபாய். மேலே விருந்தாளி பாத்ரூமில் ஃப்ளஷ் தொட்டி கசிந்து, மொட்டை மாடித் தொட்டி இறங்கி, தானியங்கி மோட்டார் ராத்திரியெல்லாம் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். யாரும் படுக்காத தளம், அதனால் யார் காதிலும் விழவில்லை. நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் போன வருஷம் செப்டம்பர், அக்டோபரில் எவ்வளவு? அதைச் சொல்லுங்கள் முதலில். எனக்கு மட்டும்தான் அந்த நீதியா?

2023 நவம்பர் 7

போன வருஷம் 1,010 என்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். 230 யூனிட் ஒரு ஃப்ளஷ் தொட்டியிலா, நம்ப முடியவில்லை. மாடியில் ஒரு ஏசியின் ஸ்டெபிலைசரும் பழைய டிவியும் நாளெல்லாம் உயிரோடு இருந்ததையும் பிறகு சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

2023 நவம்பர் 19

"பெரிய வீடுதானே, மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிவிட்டால் இரண்டு 100 யூனிட் இலவசம், படிக்கட்டும் பாதியாகும்" என்று ஒருவர். எல்லார் மனசிலும் இருப்பதுதான். தனிக் குடும்பம், தனி வாசல், தனிச் சமையலறை என்றால் தனி இணைப்பு நியாயம். ஒரே குடும்பம் ஒரே உலையில் சாப்பிட்டுக்கொண்டு சலுகைக்காக மீட்டரைப் பிரிப்பது விதிக்கு ஒத்து வராது. ஆய்வுக்கு வந்தால் மாடியில் சமையலறை எங்கே என்று கேட்பார்கள், எங்கள் வீட்டில் காட்ட ஒரு மருதாணி ஃப்ரிட்ஜ்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரி 18

வெயில் வருவதற்குள் மொட்டை மாடி வேலையை முடித்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் இரண்டு வீடு இருக்கிறது. முன்பக்கம் பழைய கட்டு, முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம், மேலே தேக்கு உத்தரம் போட்டுச் செங்கல் அடுக்கிய கட்டைக்குத்துத் தளம். அங்கே மே மாசத்திலும் மத்தியானம் பாய் போட்டுப் படுக்கலாம். பின்பக்கம் வளைகுடாப் பணத்தில் எழுந்த கான்கிரீட் கட்டு. அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு நாற்காலி மேல் ஏறித் தளத்தைத் தொட்டால் இட்லிச் சட்டி மூடி. ஏசி குளிர வைப்பது நம்மை இல்லை, அந்தத் தளத்தைத்தான்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு ஊறவைத்து, பசை கலந்து, இரண்டு பூச்சு. வெள்ளை டைல்ஸ் ஒட்டலாம், செலவு அதிகம், நிலைத்து நிற்கும். சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். பரவாயில்லை, இரண்டு ஆள் கூலி.

அப்புறம் முற்றம். காக்கா வருகிறது, மழை வருகிறது என்று சில வருஷத்துக்கு முன்னால் முற்றத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு போட்டு மூடினோம். அதற்கு அப்புறம்தான் முன்கட்டுக்கும் ஏசி கேட்க ஆரம்பித்தார்கள், இதை நான் இவ்வளவு நாள் சேர்த்து யோசிக்கவே இல்லை. சூடான காற்று மேலே ஏறிப் போவதற்காக விட்ட வழியை நாமே அடைத்துவிட்டு, உள்ளே மிஷின் வைத்துக் குளிர வைக்கிறோம். பாதித் தகட்டைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை போட்டிருக்கிறோம். மாமாவுக்குச் சந்தோஷம், முற்றத்தில் ஈஸிசேர் திரும்பி வந்துவிட்டது. காக்காவும்தான்.

2024 மார்ச் 3

இப்போது சோலார். போன மாசம் மத்திய அரசின் புதுத் திட்டம் அறிவித்ததிலிருந்து தொண்டி வாப்பா மறுபடி ஆரம்பித்துவிட்டாராம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 மானியம், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. மூன்றுக்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான்.

ஒரு கிலோவாட் நம் வெயிலுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நீங்கள் போன வருஷம் மே மாசமே அவசரப்பட்டுப் போட்டிருந்தால் 1,460 யூனிட்டுக்கு 6 கிலோவாட் வாங்கியிருப்பீர்கள், அதில் ஒரு பகுதி ஃப்ளஷ் தொட்டிக்கும் ஸ்டெபிலைசருக்கும் உழைத்துக்கொண்டிருக்கும். இப்போது 780இல் நிற்கிற வீட்டுக்கு 3 கிலோவாட் போதும், இரண்டு மாசத்துக்கு 720. மானிய வரம்பும் அதோடு நிற்கிறது. கோடையில் கொஞ்சம் கையைக் கடிக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, விற்கிறவர்கள் அழுத்திச் சொல்லாத விஷயம். லைனோடு சேர்த்துப் போடும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரி தனிச் செலவு. கம்பிச் சட்டம் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும், போல்ட் நட் உட்பட. தண்ணீர்த் தொட்டி நிழல், தென்னை நிழல் விழக்கூடாது. பேனலைக் கழுவவும் நல்ல தண்ணீர்தான், அந்தப் பாடத்துக்கு நான் பணம் கட்டிவிட்டேன், நீங்கள் கட்ட வேண்டாம்.

எங்கள் வீட்டில் போடவில்லை. காரணம் தொழில்நுட்பம் இல்லை. வீடு மூன்று அக்கா தங்கைக்குச் சேர்ந்தது, மொட்டை மாடி யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. கமுதியில் 2016இலேயே 648 மெகாவாட் சோலார் வந்துவிட்டது, அப்போது ஒரே இடத்தில் உலகத்திலேயே பெரியது என்று பேசப்பட்டது. அதே ஜில்லாவில் 3 கிலோவாட்டுக்கு மூன்று ராத்தாமார்களை ஒரு கையெழுத்துக்கு உட்கார வைக்க முடியவில்லை.

2024 ஏப்ரல் 14

பெருநாள் முடிந்து விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள். பதினாலு பேர் பத்து நாள். பில்லைப் பற்றி இந்த மாசம் கேட்காதீர்கள்.

ஃபேனையெல்லாம் மாற்றினால் லாபமா என்று கேட்டிருந்தீர்கள். மச்சான் ஊரில் இருந்ததால் அதற்கு விடை கிடைத்தது. குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் எல்லா அறைக்கும் மாற்றித் தருகிறேன், பதினாலு ஃபேன் என்றார். நான் வேண்டாம் என்றேன், கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டார். கணக்கு இதுதான். பழைய ஃபேன் 75 வாட், இது 30. நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்துக்கு 27 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 11 ரூபாய் கொடுக்கிற வீட்டில் 297 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன் இரண்டு வருஷத்துக்குள் காசைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் அது கூடத்து ஃபேனுக்கு. பெருநாளுக்கு மட்டும் சுற்றுகிற மாடி அறை ஃபேன், என் பேரன் காலத்திலும் திருப்பித் தராது. நாலு மட்டும் மாற்றினோம்.

2024 ஜூலை 17

மே, ஜூன் பில்: 870 யூனிட், 5,250 ரூபாய். 2022இல் 1,340, போன வருஷம் 1,190, இப்போது 870. இதே மாசம், இதே வீடு, ஒப்பீட்டில் யாரும் குறை சொல்ல முடியாது, சொல்லிப் பாருங்கள்.

எழுதி முடிப்பதற்குள் கட்டணம் 4.83 சதவீதம் ஏற்றம், ஜூலை 1 முதல் என்று செய்தி வந்துவிட்டது. நாம் ஏணியில் ஒரு படி இறங்கினால் ஏணியையே கொஞ்சம் தூக்கி வைக்கிறார்கள்.

2024 ஜூலை 18

மாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், போன வருஷத்து 3,630 சமாசாரத்தை. "எனக்கு அன்னைக்கே தெரியும். நோன்பு மாசத்துக்கும் சும்மா மாசத்துக்கும் கணக்கு பாக்கத் தெரியாமயா இத்தனை வருஷம் குடும்பம் பண்ணினேன்" என்றார்கள்.

2024 டிசம்பர் 8

தொண்டியில் சோலார் ஏறிவிட்டதாம், 3 கிலோவாட். படம் அனுப்பியிருக்கிறார். கிழக்கு ஓரத்தில் தென்னை மட்டை நிழல் ஒரு பேனலில் விழுகிறது, காலை ஒன்பது மணி வரை இருக்குமா? மரத்தை வெட்டாதீர்கள், மட்டையைக் கழித்துவிடுங்கள்.

இங்கே ஒரு புதுத் தொல்லை. மீட்டர் விளக்கு கதையை நான் ஒரு நாள் மாமிக்கு விளக்கிச் சொல்லித் தொலைத்தேன். இப்போது மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது தஸ்பீஹ் மணியோடு மீட்டர்ப் பெட்டி முன்னால் நின்று எண்ணுகிறார்கள். நேற்று நான் கீழே கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நடையிலிருந்து சத்தம் கேட்கிறது. "செகப்பு லைட்டு படபடன்னு அடிக்குது. யாருமில்லாத ரூம்ல எவன் ஏசிய ஓட விட்டுட்டு வந்தது?"

என் அறைதான்.